விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு எந்த ஃபோனோ ப்ரீஆம்ப்?

காட்பாடியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் டர்ன்டேபிள். அதில் விஎம்95இ கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் சிறு பகுதி. அப்பா சேர்த்து வைத்த எல்பி, இபி இசைத்தட்டுகளோடு தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டுகளும் சில உண்டு. ஆம்ப்ளிஃபயர் பழையது, ஃபோனோ இன்புட் இல்லை, ஆக்ஸ் மட்டுமே இருக்கிறது. டர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கும் ப்ரீஆம்பை (அது குப்பை என்று அவருடைய நண்பர் ஒருவர் சொன்னாராம்) நம்பலாமா, தனியாக வாங்குவதென்றால் மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி போதுமா அல்லது முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டிதான் வேண்டுமா, இப்போது பின்னணியில் கேட்கும் உறுமல் புதிய பெட்டி வந்தால் போய்விடுமா, எந்தப் பெட்டி என்று பெயர் சொல்ல முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 40 டெசிபல் அளவில் கெயினும் (சிக்னலைப் பெரிதாக்கும் அளவு), 100 பிகோஃபாரடுக்கு மேற்படாத இன்புட் கெபாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு), மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் ஃபில்டரும் உள்ள எளிய எம்எம் (உங்களுடையதைப்போல் காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜுக்கான) ப்ரீஆம்ப் போதும். இவை மூன்றும் குறைந்த விலைப் பெட்டியிலும் கிடைக்கின்றன; விலை உயர்ந்த சில பெட்டிகளில் இரண்டாவது பொருந்துவதில்லை. உறுமலைப் பொறுத்தவரை, அதன் காரணம் பெரும்பாலும் வீட்டு மின் இணைப்பில் இருக்கும் என்பதால், பெட்டி வாங்குவதற்கு முன்பே அதைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஃபோனோ ப்ரீஆம்ப் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, மிகச் சிறிய சிக்னலைப் பெரிதாக்குவது. இரண்டாவது, தட்டை வெட்டும்போது வேண்டுமென்றே மாற்றப்பட்ட ஒலியை மீண்டும் நேராக்குவது. தாழ்ந்த சுரங்களை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து தட்டில் இடம் போதாமல் போகும் என்பதால் பேஸைக் குறைத்தும், தட்டின் பரப்பு இரைச்சலை அமுக்க வேண்டும் என்பதால் ட்ரெபிளைக் கூட்டியும் பதிவு செய்கிறார்கள். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1954-இல் வகுத்த ஆர்ஐஏஏ வளைவு இதற்கான பொது அளவாயிற்று. நம் ஊரில் விற்ற எல்பி, இபி தட்டுகளுக்கும் அதுவே பொருந்தும். திரும்பக் கேட்கும்போது ப்ரீஆம்ப் 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு, உயர்த்துகிறது. 10,000 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 14 டெசிபல் தாழ்த்துகிறது. கார்ட்ரிட்ஜை நேரே ஆக்ஸில் செருகியவர்களுக்குப் பாட்டு மெலிந்து, கீச்சென்று, மிருதங்கத்தின் தொப்பியே இல்லாததுபோல் கேட்பது இதனால்தான். 50 ஹெர்ட்ஸுக்கு ஏழு மடங்கு என்ற கணக்கை நினைவில் வைத்திருங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50 ஹெர்ட்ஸ்தான்.

கெயின் விஷயத்தில் குழப்பத்துக்கு இடமில்லை. விஎம்95இ, வழக்கமான சோதனை வேகத்தில், 4 மில்லிவோல்ட் தருகிறது. 40 டெசிபல் என்பது நூறு மடங்கு. ஆகவே 400 மில்லிவோல்ட் வெளிவரும், ஆக்ஸ் இன்புட்டுக்கு அது தாராளம். ஓசை மிகுந்த இடங்களில் சிக்னல் நான்கு மடங்குக்கு மேலும் எழும். அதனால் 1,000 ஹெர்ட்ஸில் 40 மில்லிவோல்டாவது இன்புட்டில் தாங்கும் ப்ரீஆம்பாகப் பாருங்கள். பழைய திரைப்பாடல் இபி தட்டுகளில் கீறல் இல்லாதது அரிது. ஒவ்வொரு கீறலும் பாட்டைவிடப் பெரிய ஒரு குத்தாக ப்ரீஆம்புக்குள் வருகிறது. தாங்கும் அளவு குறைவான பெட்டி அந்தக் குத்தில் திணறி, மீண்டு வருவதற்குள் 'டிக்' என்று முடிய வேண்டியதை 'டப்' என்று நீட்டிவிடும். ஒரே தட்டு ஒரு வீட்டில் அமைதியாகவும் இன்னொரு வீட்டில் பொரிந்துகொண்டும் ஒலிக்க இதுவும் ஒரு காரணம். விளம்பரத்தில் இந்த எண்ணை எளிதில் போடமாட்டார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தேடுங்கள்.

எம்சி, அதாவது சுருள் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜுக்கான 60 டெசிபல் வசதிக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம். அது அரை மில்லிவோல்டுக்கும் குறைவாகத் தரும் கார்ட்ரிட்ஜுகளுக்கானது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஊசியை மட்டும் வீட்டில் கழற்றி மாற்றவும் முடியாது.

அடுத்து கெபாசிட்டன்ஸ். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இந்த வரிசையில் காதுக்குத் தெளிவாகத் தெரியும் வேறுபாடும் இதுதான் என்பது என் கருத்து. எம்எம் வகைக் கார்ட்ரிட்ஜின் சுருளுக்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) அதிகம். விஎம்95இ-க்கு அது 550 மில்லிஹென்றி. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்முக்குள் ஓடும் நுண்கம்பி, டர்ன்டேபிளிலிருந்து ப்ரீஆம்புக்கு வரும் ஆர்சிஏ வயர், ப்ரீஆம்பின் இன்புட் ஆகிய மூன்றின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து அந்தச் சுருளோடு ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. ஆடியோ-டெக்னிகா இந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லும் மொத்த அளவு 100 முதல் 200 பிகோஃபாரட் வரை. இன்புட் ரெசிஸ்டன்ஸ் வழக்கமான 47 கிலோஓம்.

உங்கள் ஆர்ம் கம்பியும் வயரும் சேர்ந்து 150 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ப்ரீஆம்ப் 220 பிகோஃபாரட் உடையது என்றால் மொத்தம் 370. அப்போது ஒத்ததிர்வு ஏறக்குறைய 11 கிலோஹெர்ட்ஸில் விழும். மின் கணக்குப்படி அந்த இடத்துக்குக் கீழே இரண்டு, இரண்டரை டெசிபல் மேடு எழுந்து, அதற்கு மேல் ஒலி வேகமாகச் சரிந்துவிடும். பாடகியின் 'ச', 'ஸ' எழுத்துகள் சீறும். ஜால்ரா ஓசை கூர்மையாகக் குத்தும். அதே நேரத்தில் வயலின் வில்லின் காற்றோட்டமான மேல்நுனி காணாமல் போயிருக்கும். தட்டு தேய்ந்துவிட்டது என்றோ ஊசி கெட்டுவிட்டது என்றோ நினைத்துவிடுவோம். வயரை 70 பிகோஃபாரட் அளவுக்குக் குறைத்து, ப்ரீஆம்பும் 100 பிகோஃபாரடாக இருந்தால் மொத்தம் 170. ஒத்ததிர்வு 16 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும், மேடும் அநேகமாக இருக்காது. ஒரே கார்ட்ரிட்ஜ், ஒரே தட்டு. மாறியது ஒரு வயரும் ஒரு எண்ணும்தான்.

எல்பி120எக்ஸின் வயர் கழற்றி மாட்டக்கூடியது. ஆகவே ஒரு மீட்டருக்கு மேற்படாத, மீட்டருக்கு இத்தனை பிகோஃபாரட் என்று அளவு எழுதியிருக்கும் வயரை வாங்கிக்கொள்ளுங்கள். டர்ன்டேபிள் ஒரு சுவரோரம், ஆம்ப்ளிஃபயர் எதிர்ச் சுவரோரம் என்று இருந்தால், ப்ரீஆம்பை டர்ன்டேபிளின் பக்கத்தில் வையுங்கள். நீளமான வயர் ப்ரீஆம்புக்குப் பிறகு வரட்டும், அங்கே நீளம் பெரிதாகப் பாதிக்காது. எல்லா எம்எம் கார்ட்ரிட்ஜுக்கும் இதே அளவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்டோஃபோன் 2எம் ரெட் 150 முதல் 300 வரை கேட்கிறது. ஷூர் எம்97எக்ஸ்இ 200 முதல் 300 வரை கேட்டது. ஷூர் கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கும் நண்பர் புகழும் ப்ரீஆம்ப் உங்களுக்குக் கடுமையாக ஒலிப்பது இப்படித்தான் நேர்கிறது, அவரும் பொய் சொல்லவில்லை.

டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ப்ரீஆம்பைப் பற்றி: அது குப்பை என்று உங்கள் நண்பர் சொன்னது சரியல்ல. கெயினும் ஆர்ஐஏஏ திருத்தமும் அதில் முறையாகவே இருக்கின்றன. அதோடு சில வாரங்கள் கேட்டுப் பழகிய பிறகு தனிப்பெட்டி வாங்கினால்தான் எது கூடியது, எது கூடவில்லை என்று உங்களுக்கே தெரியும். தனிப்பெட்டி இணைக்கும்போது பின்புறமுள்ள ஸ்விட்சை லைன் நிலையிலிருந்து ஃபோனோ நிலைக்கு மறக்காமல் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் இரண்டு ப்ரீஆம்ப்களைக் கடந்து, பேஸ் வீங்கி, எல்லாம் சிதைந்து ஒலிக்கும். புதுப் பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதில் ஒரு பங்கு இந்த ஸ்விட்சால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி உறுமல். முன்பு சொன்ன கணக்கின்படி, 40 டெசிபல் கெயினுள்ள ப்ரீஆம்ப் 50 ஹெர்ட்ஸ் சிக்னலை மொத்தம் 700 மடங்கு பெரிதாக்குகிறது. மில்லிவோல்டில் நூறில் ஒரு பங்கு எங்கிருந்தோ கசிந்து உள்ளே புகுந்தாலும் வெளியே 7 மில்லிவோல்டாக வந்து நிற்கும். இரவில் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் அது நன்றாகவே கேட்கும். விலை உயர்ந்த ப்ரீஆம்பும் அதையே பெரிதாக்கும். இன்புட்டுக்குள் வந்துவிட்ட உறுமலுக்கும் இசைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது.

ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, ஸ்பீக்கர் அருகில் போய்க் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று மழுங்கிய ஒலி வந்தால் எர்த் இணைப்போ ட்ரான்ஸ்ஃபார்மரின் அருகாமையோ காரணம். 'ஸ்ர்ர்ர்' என்று அரைவதுபோன்ற ஒலி வந்தால் வீட்டில் ஏதோ ஒரு மின்னணு ரெகுலேட்டரோ அடாப்டரோ காரணம். முதல் வகைக்கு, டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரின் கவட்டை முனை ப்ரீஆம்பின் திருகுக்குக் கீழே இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ப்ரீஆம்பை ஆம்ப்ளிஃபயர் மேலிருந்து எடுத்து இரண்டடி தள்ளி வையுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அடுக்கி வைத்த பெட்டிக்குள் நேரே புகும். தள்ளி வைத்த உடனே பாதி உறுமல் அடங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மூன்று கருவிகளையும் ஒரே ப்ளக் பாயிண்டிலிருந்து ஓடும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள்.

இரண்டாம் வகை வேலூருக்கே உரிய தொல்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேளுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில், எர்த் வயரை எப்படி மாற்றியும் போகாத 'ஸ்ர்ர்ர்' ஒலி, ஃபேன் ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்பியதும் சட்டென்று மறைந்தது. மூன்றுக்கு இறக்கினால் மீண்டும் வந்தது. அது ட்ரையாக் வகை ரெகுலேட்டர். மின்சார அலையை ஒவ்வொரு முறையும் நடுவில் வெட்டித் திறப்பதால் வீட்டு ஒயரிங் முழுவதும் கூர்மையான இரைச்சலை அது பரப்புகிறது. முழு வேகத்தில் வெட்டு ஏறக்குறைய இல்லாததால் இரைச்சலும் அடங்கிவிடுகிறது. ஐந்து படிகளில் 'டக் டக்' என்று திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிய பிறகு எந்த வேகத்திலும் ஒலி வரவில்லை. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது. நீங்களும் முதலில் உங்கள் ரெகுலேட்டரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மின்வெட்டு நேரத்தில் மட்டும் ஒலி வருகிறது என்றால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சைன் வேவ் வகையில் அது பெரும்பாலும் இராது.

பழைய வீடுகளில் மூன்று துளை ப்ளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயர் இருக்காது. இருந்தாலும் கோடையில் எர்த் குழி காய்ந்து, இணைப்பு பெயரளவுக்கே இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எர்த்தைச் சோதித்து, குழியில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். உறுமலைப் போக்குகிறேன் என்று ஆம்ப்ளிஃபயர் ப்ளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ வயரைக் கழற்றுவதோ கூடவே கூடாது. உள்ளே பழுது நேர்ந்தால் அந்தப் பெட்டியின் உலோக உடலில் 230 வோல்ட் நிற்கும்.

தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் ஃபில்டரை நான் வற்புறுத்துவதற்கும் வெயில்தான் காரணம். சூடான அலமாரியில் சாய்த்து வைத்த தட்டுகள் வளைந்துவிடுகின்றன. எல்பி ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுத்துக்கொள்வதால் ஒற்றை வளைவு 0.55 ஹெர்ட்ஸ் அதிர்வாகவும், சின்னச் சின்ன மேடுகள் சில ஹெர்ட்ஸ் அதிர்வாகவும் ப்ரீஆம்புக்குள் வருகின்றன. இவை காதில் விழாது. ஆனால் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிவிட்டு, வளைந்த தட்டை ஓடவிட்டுப் பாருங்கள். பாட்டு தொடங்கும் முன்பே வூஃபர் கூம்பு முன்னும் பின்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஆம்ப்ளிஃபயரின் சக்தி அதில் வீணாவதோடு, பாட்டின் பேஸும் கலங்குகிறது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரை அழுத்தினால் கூம்பு நின்றுவிடும், பாட்டில் ஒன்றும் குறையாது.

பெயர் சொல்லிக் கேட்டதால் சிலவற்றைச் சொல்கிறேன். ஆர்ட் நிறுவனத்தின் டிஜே ப்ரீ 2 எளிய பெட்டி. 100, 200 பிகோஃபாரட் என்று மாற்றும் ஸ்விட்சும், கெயினைக் கூட்டிக் குறைக்கும் திருகும், ஃபில்டரும் அதில் இருப்பதால் உங்கள் தேவைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுவே. ஷிட் நிறுவனத்தின் மானி 2, ப்ரோ-ஜெக்ட் ஃபோனோ பாக்ஸ் எஸ்2 இரண்டிலும் கெபாசிட்டன்ஸையும் கெயினையும் அடியிலுள்ள சிறு ஸ்விட்சுகளால் மாற்றலாம். ஐஃபை ஸென் ஃபோனோவில் 36-லிருந்து 72 டெசிபல் வரை நான்கு படிகள் உண்டு. அதன் ஃபில்டர் வளைந்த தட்டுகளை நன்றாகச் சமாளிக்கிறது. நாளை எம்சி வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டுமே அந்த விலைக்குப் போங்கள். வால்வு ப்ரீஆம்ப்களின் ஒலி எனக்கும் பிடிக்கும். என்றாலும், சித்திரை வைகாசியில் அடைத்த அறையில் இன்னொரு சூடான பெட்டியை வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ கடையில் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு இருந்தால் உங்கள் தட்டையே எடுத்துச் செல்லுங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கட்டும், ஏனெனில் உங்கள் வீட்டு மின்சாரத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது வீட்டில்தான் தெரியும்.

முப்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது என்றால் அதை ப்ரீஆம்பில் போட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விஎம்95 வரிசையில் உடல் ஒன்றே, ஊசி மட்டும் மாறும். மைக்ரோலைன் முனையுள்ள எம்எல் ஊசியை உங்கள் கார்ட்ரிட்ஜின் முன்னால் அப்படியே செருகலாம். இபி தட்டின் கடைசிப் பாட்டு, மையத்தை நெருங்க நெருங்க இரைந்து சிதைவது இந்த ஊசியால் குறையும் அளவுக்கு எந்த ப்ரீஆம்பாலும் குறையாது. பள்ளத்திலிருந்து ஊசி எடுக்காததை ப்ரீஆம்ப் எங்கிருந்து கொண்டுவரும்?

உங்கள் எல்பி, இபி தட்டுகளில் 1970-களின் நடுப்பகுதி வரை வந்த திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே அசைகிறது. தூசியும் தேய்மானமும் தரும் ஒலியில் ஒரு பங்கு மேலும் கீழுமான அசைவு. இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால் அந்தப் பங்கு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அழுத்திவிட்டு அப்பாவின் தட்டுகளைக் கேளுங்கள். குரல் நடுவில் வந்து நிற்கும், பொரிதல் பின்னால் போய்விடும்.

78 ஆர்பிஎம் தட்டுகளுக்கு உங்கள் இப்போதைய ஊசி ஆகாது; அந்தப் பள்ளம் அகலமானது. விஎம்95 வரிசையின் எஸ்பி ஊசி 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனையோடு அதற்கென்றே வருகிறது. அந்தத் தட்டுகளில் பல ஆர்ஐஏஏ வளைவுக்கு முந்தியவை என்பதால், ப்ரீஆம்ப் ட்ரெபிளை அளவுக்கு மீறித் தாழ்த்தி, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ட்ரெபிள் திருகைக் கூட்டினால் ஓரளவு சரியாகும். முறையாகச் செய்ய விரும்பினால், டர்ன்டேபிளின் யுஎஸ்பி வழியாகக் கணினியில் பதிந்து, ஆடாசிட்டி மென்பொருளில் முதலில் ஆர்ஐஏஏ திருத்தத்தை நீக்கிவிட்டு, 78 தட்டுகளுக்கென்று இருக்கும் வளைவுகளைப் போட்டுப் பாருங்கள். சில தட்டுகளுக்காக, வளைவுகளை மாற்றும் விலை உயர்ந்த ப்ரீஆம்ப் தேவையில்லை.

கடைசியாக அடாப்டர். வெளிநாட்டிலிருந்து உறவினர் ப்ரீஆம்பை வாங்கி வந்தால், அதன் அடாப்டரில் 120 வோல்ட் மட்டும் எழுதியிருக்கிறதா என்று செருகும் முன் படியுங்கள்; நம் 230 வோல்டில் அது புகைந்துவிடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்டேஜ் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மானி போன்ற சில பெட்டிகளுக்கு அடாப்டரிலிருந்து டிசி அல்ல, ஏசி வர வேண்டும். கடையில் அதே முனையுள்ள டிசி அடாப்டரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் 'அவுட்புட்' என்று அச்சிட்டிருக்கும் வரியைக் காட்டி, அதே வரியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.